மாவைத் தட்டிக் கேட்கும் பாட்டிகள்

பிசைந்த மாவு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம். வடசீனத்தின் ஷான்டோங், ஹெபெய் பக்கத்துக் கிராம வீடுகளில் மான்தோ செய்யும் பாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். மான்தோ என்பது கோதுமை மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் வெள்ளை உருண்டை. பழைய முறையில் இதற்குக் கடை ஈஸ்ட் கிடையாது. போன தடவை பிசைந்த மாவில் ஒரு துண்டை எடுத்துவைத்து, அதையே புது மாவில் கலப்பார்கள். அந்தத் துண்டில் ஈஸ்ட்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் குடியிருக்கும். ஈஸ்ட் மாவை உப்பவைக்கும், பாக்டீரியா புளிக்கவைக்கும். மான்தோவுக்கு உப்பல் வேண்டும், புளிப்பு வேண்டாம். அதனால் புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். நாம் சலவைச் சோடா என்று சொல்லும் பொருளின் தூய, உண்ணத்தக்க வடிவம் அது.

எவ்வளவு சேர்ப்பது? அன்றைய வெயில், பழைய மாவின் வயது, புளித்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. நிலையான அளவு இருக்கவே முடியாது. ஆகவே பாட்டி மாவை உள்ளங்கையால் தட்டுகிறார். மத்தளம்போல நிறைந்த ஒலி வந்தால் சோடா சரி. உள்ளீடற்ற ஒலி என்றால் போதவில்லை. தட்டையாக விழுந்தால் கூடிவிட்டது. சந்தேகம் தீராவிட்டால் மாவைக் கத்தியால் வெட்டி உள்ளே பார்க்கிறார். எள் அளவில் ஒரே சீராகத் துளைகள் இருந்தால் நல்லது. பெரிதும் சிறிதுமாக இருந்தால் இன்னும் புளிப்பு மிச்சம். கடைசியாக ஒரு கிள்ளு மாவை ஆவியில் வைத்துப் பார்க்கலாம். மஞ்சளாகிவிட்டால் சோடா அதிகம். கோதுமையில் இருக்கும் ஃபிளேவோன் என்னும் நிறமிகள், புளிப்புக்கு எதிரான காரத்தன்மை கூடும்போது மஞ்சளாகும் இயல்புடையவை. ஆக, பாட்டியின் கையில் அமில-கார அளவுமானி ஒன்று இல்லை, மூன்று இருக்கின்றன: செவிக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. இன்னொரு நன்மையும் இதில் உண்டு. அமிலமும் கார்பனேட்டும் சேரும்போது கரியமில வாயு வெளிப்படும். புளிப்பை முறிக்கும் வேலையே மாவை இன்னும் கொஞ்சம் உப்பவைத்துவிடுகிறது.

சீனாவில் ஊர் ஊராகப் போய் வீட்டுக்காரர்களிடம் சமையல் கற்பவர்கள் முதலில் தேடுவது அளவுகளைத்தான். கரண்டிக் கணக்கு கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது சிரிப்பு. அங்கே கற்றுத்தரப்படுவது அடையாளங்கள். ஒரு ஒலி, ஒரு நிறம், ஒரு மணம், உதட்டில் ஓர் அதிர்வு. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் துல்லியமான ஒரு வேதி மாற்றமோ இயற்பியல் நிகழ்வோ இருக்கிறது என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

வடக்கில் சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு வீட்டுக்கு வருபவர் கையில் மாவுருட்டும் கட்டையைக் கொடுத்துவிடுவார்கள். ஜியாவ்ஸ என்னும் கொழுக்கட்டைக்கு வட்டம் தேய்க்க எத்தனை கை இருந்தாலும் போதாது. உள்ளே வைக்கும் பூரணம் கொத்திய பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும். இறைச்சியில் உப்பைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குச்சிகளால் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் விட விட இறைச்சி நீர்த்துப்போகும் என்றுதானே நினைப்போம்? மாறாக அது இறுகி, பிசின்போல ஒட்டத் தொடங்குகிறது. தசையில் மயோசின் என்றொரு புரதம் உண்டு. அது வெறும் நீரில் எளிதில் கரையாது, உப்பு நீரில் கரையும். கரைந்த மயோசின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, ஊற்றிய நீரைச் சிறைப்பிடிக்கின்றன. வெந்ததும் அந்தப் பின்னல் அப்படியே உறைந்துவிடுகிறது. கடித்தவுடன் வாயில் பாயும் சாறு, குச்சி சுழன்றபோது உள்ளே போன தண்ணீர்தான்.

முட்டைக்கோஸின் கதை நேரெதிர். அதில் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கும். பூரணத்துக்குள் அது நடந்தால் மேல்மாவு ஊறிக் கிழியும். அதனால் முதலிலேயே உப்பிட்டுப் பிழிந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் பிழிவதற்குப் பதிலாக நறுக்கிய கோஸில் எள்ளெண்ணெயைப் புரட்டுகிறார்கள். உப்பு இலையைத் தொடாதபடி எண்ணெய்ப் படலம் காவல் நிற்கிறது, கோஸின் சாறும் வீணாவதில்லை.

வேகவைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கொதிக்கும் நீரில் ஜியாவ்ஸவைப் போட்டு, பொங்கி வரும்போது ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் விடுகிறார்கள். மறுபடி பொங்கினால் மறுபடி ஒரு கிண்ணம். மொத்தம் மூன்று தடவை. கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 லிட்டர் கொதிநீரில் 20 டிகிரியில் இருக்கும் 200 மில்லி நீரை ஊற்றினால் வெப்பநிலை 95 டிகிரிக்குத்தான் இறங்கும். உள்ளே இருக்கும் இறைச்சி வேக அது தாராளம். ஆனால் அந்த 5 டிகிரி இறக்கத்தில் கொப்பளிப்பு சட்டென்று அடங்கிவிடுகிறது. மெல்லிய மேல்மாவைக் கிழிப்பது சூடு அல்ல, குமிழிகளின் முட்டிமோதல். சூட்டை வைத்துக்கொண்டு முரட்டுத்தனத்தை மட்டும் நீக்கும் வழியை யாரோ ஓர் அம்மா என்றைக்கோ கண்டுபிடித்திருக்கிறார்.

மேற்கே சியான் நகரப் பக்கம் போனால் அதே கோதுமை வேறொரு வித்தை காட்டுகிறது. மாவும் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்து, துண்டுகளாக்கி, எண்ணெய் தடவி ஊறவிடுகிறார்கள். பிறகு ஒரு துண்டைத் தட்டையாக்கி, நடுவே மெல்லிய கட்டையால் ஒரு கோடு அழுத்தி, இரு முனைகளையும் பிடித்து இழுத்தபடி பலகையில் ஓங்கி அறைகிறார்கள். மாவு நீள்கிறது, அறுவதில்லை. கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் இதற்குக் காரணம். குளூட்டெனின் ரப்பரைப்போலப் பின்னுக்கு இழுக்கும், கிளையடின் தேனைப்போல வழிந்து நீளும். இரண்டும் சேர்ந்த வலைக்குக் குளூட்டன் என்று பெயர். புதிதாகப் பிசைந்த மாவில் இழுவிசை அதிகம், நீட்டினால் சுருங்கும். ஊறும் நேரத்தில் வலை தளர்கிறது. ஊறியது போதுமா என்பதற்கு மாவை இழுத்துப் பார்ப்பதே சோதனை. பிசைந்தது போதுமா என்பதற்கு மூன்று அடையாளங்கள்: மாவு வழவழப்பு, கை சுத்தம், பாத்திரம் சுத்தம்.

இன்னும் மேற்கே லான்ஜோ நகரத்தின் இழுப்பு நூடுல்ஸ் இந்த வலையை எல்லைவரை கொண்டுபோகிறது. அங்கே பொட்டாசியம் கார்பனேட் நிறைந்த பொருளை மாவில் சேர்ப்பது வழக்கம். முன்பு பாலைநிலச் செடி ஒன்றை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார்கள், இப்போது தொழிற்சாலைத் தூள். அது குளூட்டன் வலையை இன்னும் உறுதியாக்குகிறது. ஒரு கயிறு மாவை நீட்டி மடித்தால் இரண்டு இழை, மறுபடி மடித்தால் நான்கு. எட்டாவது மடிப்பில் 256. விரித்த கைகளின் அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்த நீளம் 384 மீட்டர், ஓட்டப்பந்தயத் திடலின் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இது பெரும்பாலும் கடைக்காரர்களின் கைத்திறன். சியான் வீடுகளின் அகல நூடுல்ஸை ஒரு விருந்தாளி முதல் நாளிலேயே சுமாராக இழுத்துவிடலாம்.

அந்த நூடுல்ஸை வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே மிளகாய்த்தூளும் நறுக்கிய பூண்டும் வைத்து, புகைய ஆரம்பித்த எண்ணெயை ஊற்றுகிறார்கள். சுர்ர் என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் காயவில்லை. நம் தாளிப்பில் பொருள் எண்ணெய்க்குள் போகும், இங்கே எண்ணெய் பொருளைத் தேடி வருகிறது. அந்தத் திசை மாற்றத்துக்குக் காரணம் உண்டு. மிளகாய்த்தூள் காய்ந்த எண்ணெய்க்குள் விழுந்தால் நொடிகளில் கருகும். கிண்ணத்தில் இருக்கும்போது, ஒரு கரண்டி எண்ணெயின் சூட்டை ஈரமான நூடுல்ஸ் உடனே வாங்கிக்கொள்கிறது. மணம் கிளம்பும் நேரம் கிடைக்கிறது, கருகும் நேரம் கிடைப்பதில்லை.

தெற்கே இறங்கி சிச்சுவான் மாகாணத்துக்கு வந்தால் மிளகாய் இல்லாத அடுப்படியைக் காண்பது அரிது. ஆனாலும் மிளகாய் அங்கே வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழி வந்த இந்தச் செடியைப் பற்றிய ஆரம்பகாலச் சீனக் குறிப்பு 1591-ஆம் ஆண்டின் நூலொன்றில் இருக்கிறது, அதுவும் பார்க்க அழகான செடி என்ற வகையில். இன்று அங்குள்ள செங்டு நகரின் பிடு வட்டாரம் தோபான்ஜியாங் என்னும் மிளகாய்-அவரை விழுதுக்குப் பேர்போனது. அகன்ற அவரைப் பருப்பில் முதலில் பூஞ்சையை வளரவிடுகிறார்கள். பூஞ்சையின் நொதிகள் அவரையின் புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. அவற்றில் ஒன்றான குளூட்டமிக் அமிலம்தான் நாக்குக்கு இறைச்சிச் சாறுபோன்ற நிறைவைத் தருவது. பிறகு உப்பிட்ட மிளகாயோடு சேர்த்துத் தாழிகளில் மாதக்கணக்கில், நல்ல விழுது என்றால் ஓராண்டுக்கும் மேல். வெயிலில் திறப்பது, கிளறுவது, மழைக்கு மூடுவது என்பது அன்றாட வேலை.

இந்த விழுதைக் கொண்டு மாபோ டோஃபு என்னும் காரமான சோயா பனீர்க் குழம்பு செய்யும் வீட்டில் கற்றுத்தரும் முதல் பாடம், விழுதை எண்ணெயில் நிதானமாக வதக்கி, எண்ணெய் சிவக்கும்வரை காத்திருப்பது. மிளகாயின் செந்நிறமிகளும் உறைப்பைத் தரும் கேப்சைசினும் நீரில் கரைவது அரிது, எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் சிவந்துவிட்டது என்றால் சுவையும் உறைப்பும் எண்ணெய்க்கு மாறிவிட்டன என்று பொருள். அவசரப்பட்டு முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் அவை விழுதுக்குள்ளேயே தங்கிவிடும்.

கடைசியில் மேலே தூவுவது ஹுவாஜியாவ், சிச்சுவான் மிளகு. இது நம் மிளகுக் குடும்பமே இல்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வில்வமும் விளாம்பழமும் சேர்ந்த குடும்பம். ஓட்டைத்தான் தின்பார்கள், உள்ளே இருக்கும் கறுப்பு விதை மண்போல நறநறக்கும். ஓட்டைக் கடித்தால் உதடு மரத்து, மெல்ல நடுங்குவதுபோல ஓர் உணர்வு. அது வெறும் பிரமையா? 2013-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். தன்னார்வலர்களின் உதட்டில் மிளகைத் தடவி, விரலுக்கு ஓர் அதிரும் கருவியைக் கொடுத்து, இரண்டு நடுக்கமும் ஒன்றாகத் தோன்றும் வேகத்தைச் சொல்லச் சொன்னார்கள். விடை வினாடிக்கு சுமார் 50 அதிர்வு. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கும் அதே வேகம். உதடு நிஜத்தில் அசைவதே இல்லை. மிளகில் இருக்கும் சன்ஷூல் என்னும் சேர்மம், தொடுகையின் அதிர்வை உணரும் நரம்புகளைத் தானே தூண்டிவிடுகிறது. சுவை நரம்புகளைத் தாண்டி, தொடு உணர்வையே சமையலுக்குள் கொண்டுவந்த மசாலா இது.

சிச்சுவான் வீட்டின் ஆகச்சிறந்த கருவி என்று நான் நினைப்பது ஊறுகாய் ஜாடி. கழுத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும் மண்ஜாடி அது. வாய்க்காலில் தண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்குள் நிற்கும். உள்ளே முள்ளங்கி, காராமணிக்காய், இஞ்சி, மிளகாய் எல்லாம் உப்பு நீரில் மூழ்கியிருக்கும். நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை உண்டாக்க, அது விளிம்புக்கடியில் குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. திருகோ ரப்பர் வளையமோ இல்லாத ஒருவழிக் கதவு. ஜாடி கொப்பு கொப்பு என்று பேசினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வாய்க்கால் வற்றாமல் பார்த்துக்கொள்வது வீட்டில் ஒருவரின் பொறுப்பு.

ஜாடி வாங்கும்போதே ஒரு சோதனை உண்டு. காகிதத்தைக் கொளுத்தி ஜாடிக்குள் போட்டு, கிண்ணத்தை மூடி, வாய்க்காலில் நீர் விடுகிறார்கள். நெருப்பு அணைந்ததும் உள்ளிருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கும். ஜாடியில் விரிசல் இல்லையென்றால் வாய்க்கால் நீர் சர்ரென்று உள்ளே இழுபடும். இழுபடாத ஜாடியை வாங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒரு துண்டுக் காகிதம் காட்டிக்கொடுக்கிறது.

ஊறும்போது உள்ளே ஆட்சி மாற்றம் நடக்கிறது. இத்தகைய காய்கறி ஊறல்களில் முதலில் பெருகுபவற்றுள் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. இதே இனம்தான் நம் இட்லி மாவையும் பொங்கவைக்கிறது. அது உண்டாக்கும் அமிலம் ஏற ஏற அதற்கே இருப்பு கடினமாகி, புளிப்பைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்களுக்கு இடம்விடும். தொடக்க நாட்களில் காய்கறியின் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி உச்சத்துக்குப் போகும், புளிப்பு முற்றியபின் குறையும். நைட்ரைட் உடம்புக்கு ஆகாது. சிச்சுவான் வழக்கத்தைப் பாருங்கள்: ஒரு நாள் மட்டும் ஊறவைத்து மொறுமொறுவென்று தின்பார்கள், இல்லையென்றால் மூன்று வாரம்போலக் காத்திருப்பார்கள். இடைப்பட்ட நாட்களை விட்டுவிடுகிறார்கள். நைட்ரைட் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே உருவான பழக்கம்! மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் கொஞ்சம் தானியச் சாராயம் விடுவார்கள். எண்ணெய் பட்ட குச்சியை உள்ளே விடவே கூடாது. பழைய உப்பு நீரை யாரும் கொட்டுவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் வாழும், புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்கு அதிலிருந்து ஒரு கிண்ணம் போகும்.

யுன்னான் மாகாணத்தின் ஜியான்ஷுய் ஊர்ப் பானை இன்னொரு வியப்பு. அதன் அடியிலிருந்து நடுவே ஒரு குழல் கூம்பாக எழுந்து நிற்கும். கோழித் துண்டுகளையும் இஞ்சியையும் குழலைச் சுற்றி அடுக்கி மூடுகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. கொதிநீர் இருக்கும் வேறொரு பானையின் மேல் இதை வைக்கிறார்கள். ஆவி குழல்வழி ஏறி, மூடியில் மோதி, நீராகிச் சொட்டுகிறது. சில மணி நேரத்தில் பானை நிறைய சூப்! 100 டிகிரி நீராவி ஒரு கிராம், நீராக மாறும்போது சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை வெளியிடும். அதே ஒரு கிராம் கொதிநீர் 60 டிகிரிக்கு ஆறினால் வெளியிடுவது 170 ஜூல்கூட இல்லை. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். ஒரு லிட்டர் சூப் சேர்ந்திருக்கிறது என்றால், ஆயிரம் வாட் ஹீட்டர் ஏறக்குறைய 38 நிமிடம் தரும் வெப்பம் ஆவியிலிருந்து இறங்கியிருக்கிறது. ஒரு பகுதி கோழிக்கு, மிச்சம் மூடி வழியாக வெளியே. உள்ளே கொதிப்பு இல்லாததால் கொழுப்பு சிதறிக் கலங்குவதில்லை, சூப் தெளிந்தே நிற்கிறது.

குவாங்டோங் மாகாணத்தில் இதே ஆவியை நிமிடக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். முழு மீன் எட்டு, பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். கண் வெண்மையாகிப் பிதுங்கி, முதுகெலும்பருகே குச்சி தடையில்லாமல் இறங்கினால் போதும். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுகிறார்கள். மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமின் அதில் கரைந்திருக்கிறது.

கடைசியாக வாணலி. வீட்டில் வதக்கும் இறைச்சி பஞ்சுபோல இருப்பதன் ரகசியம் வாணலிக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இழைக்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவி, சோயா சாஸும் சோளமாவும் கொஞ்சம் தண்ணீரும், சிலர் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவும் சேர்த்துப் பிசைகிறார்கள். இறைச்சியின் இயல்பான லேசான புளிப்பில் அதன் புரதங்கள் நீரை மிகக் குறைவாகவே பிடித்துவைக்கும். சோடா அந்தப் புளிப்பை விலக்கிவிட, புரத இழைகள் ஒன்றையொன்று தள்ளி நின்று நடுவே நீருக்கு இடம்விடுகின்றன. மேலே ஒட்டிய மாவு 70 டிகிரிக்குள் கூழாகி உறைபோல மூடிக்கொள்கிறது.

உணவகத்துச் சமையலர்கள் வாணலியைத் தூக்கி வீசுவதை எல்லோரும் பார்த்திருப்போம். 2020-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். அடுப்பின் விளிம்பில் வாணலியைச் சறுக்கியும் ஆட்டியும், ஒரு வீச்சை ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்கில் முடித்துவிடுகிறார்கள். பயங்கரமான தீயில் சோறு கருகாமல் இருக்க, பருக்கைகளைக் காற்றில் ஆறவிட்டு மறுபடி சூட்டுக்கு அனுப்பும் வேகம் அது. வீட்டு அடுப்பில் அவ்வளவு தீ கிடையாது. தீ குறைவு என்றால் சூட்டைச் சேமிக்க வேண்டும், அதனால் வீட்டில் வாணலியைத் தூக்குவதே இல்லை. வெறும் வாணலியைப் புகை வரும்வரை காயவைத்து, பிறகுதான் எண்ணெய். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி கீரை, அதையும் நன்றாக ஈரம் உதறி. ஒரு கிராம் ஈரத்தை ஆவியாக்க வேண்டிய 2,260 ஜூலை வாணலி தன் கையிருப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் வதங்காது, அவியும். முடிவில் சோயாவையோ அரிசி மதுவையோ கீரையின் மேல் ஊற்றாமல், காய்ந்த விளிம்பில் வளையமாக விடுகிறார்கள். அது அங்கேயே சீறி ஆவியாகி, மணம் முழுக்கக் கீரையில் படியும்.

மூடி போடுவதில்லை. கீரை சூடாகும்போது வெளிவரும் அமிலங்கள் ஆவியோடு போக வேண்டும். உள்ளே தங்கினால் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றி, இலையைப் பாசி நிறமாக்கிவிடும். மணம் தரும் பொருள்களும் எளிதில் பறப்பவை, சில நிமிடம்தான் நிற்கும். ஆகவே சூப்பும் மீனும் மேசைக்குப் போனபின், வீட்டில் எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் கீரைக்கு அடுப்பு மூட்டுகிறார்கள்.